மூவரை அனுப்பிய தொகுதி

வைகாசிப் பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வீதியிலே பந்தற்கால் நாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. நந்திக்கடலிலிருந்து வீசிய காற்று வெயிலின் கடுமையைச் சற்றே தணித்தது. அவ்வேளையில், உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன், யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டிலிருந்து வந்த பழைய நூலொன்றைக் கையிற் கொண்டு என்னிடம் வந்தான். நம் நாட்டுப் பொதுத்தேர்தல் முடிவுகளின் தொகுப்பு அது.

“ஐயா, இந்தக் கணக்கு அச்சுப்பிழையாக இருக்குமோ? பதிவு பெற்ற வாக்காளரின் தொகையிலும் பார்க்க, வேட்பாளர்கள் பெற்ற வாக்குகளின் தொகை கூடுதலாக இருக்கின்றது. கள்ள வாக்குப் போட்டிருந்தாற்கூட அதை இப்படிப் பகிரங்கமாக அச்சிட்டிருக்க மாட்டார்களே!” என்றான்.

அவன் விரல் வைத்துக் காட்டிய பெயர், கொழும்பு மத்தி.

“தம்பி, அது பிழையுமன்று, களவுமன்று. அங்கே ஒருவருக்கு மூன்று வாக்கு” என்றேன். அவன் நம்பவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதைத்தானே குடியாட்சியின் முதற்பாடமாக நாம் கற்பித்து வந்திருக்கின்றோம்! அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்ட சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றேன்.

தொகுதி பிறந்த கதை

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இந்நாட்டில் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதுவரை நிலவிய இனவாரிப் பிரதிநிதித்துவம் அவ்வாண்டோடு நீங்கியது. நிலப்பரப்பை வகுத்து, வகுத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர் என்ற முறை வந்தது. அன்றைய அரசாங்க சபைக்குக் கொழும்பு மத்தியிலிருந்து தெரிவானவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தாலும், 1929ஆம் ஆண்டின் டிராம் வண்டித் தொழிலாளர் போராட்டத்தாலும் தலைநகரத் தொழிலாளரின் உள்ளத்தில் இடம்பெற்றிருந்தவர் அவர்.

நிலப்பரப்பு முறையில் ஒரு குறை உண்டு. ஓரிடத்தில் நெருங்கி வாழும் பெரும்பான்மையினர்க்கு அது வாய்ப்பளிக்கும். அதே இடத்தில் கலந்து வாழும் சிறுபான்மையினர் எத்தனை ஆயிரவராயினும் வெறுங்கையுடனேயே வீடு திரும்புவர். இக்குறையை எவ்வாறு தீர்ப்பது என்பதே 1940களில் இந்நாட்டு அரசியலின் பெரும் வினாவாயிற்று. ஜீ. ஜீ. பொன்னம்பலம் முன்வைத்த ஐம்பதுக்கு ஐம்பது என்னும் கோரிக்கை அவ்வினாவுக்கு ஒரு விடை. சோல்பரி ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை; வேறு இரண்டு உபாயங்களை ஏற்றுக்கொண்டது.

முதலாவது உபாயம் நம் வன்னியோடு தொடர்புடையது. 75,000 மக்களுக்கு ஒருவர் என்பதோடு, ஒவ்வொரு 1,000 சதுரமைல் நிலப்பரப்புக்கும் ஒருவர் என்ற கணக்கையும் சேர்த்தனர். அதனால் காடும் குளமும் மிகுந்து குடிகள் அருகியிருந்த பகுதிகளுக்கும் பாராளுமன்றத்திற் குரல் கிடைத்தது. 1947இல் முல்லைத்தீவுப் பகுதியையும் உள்ளடக்கிய வவுனியாத் தொகுதி, கணிதப் பேராசிரியராயிருந்த சி. சுந்தரலிங்கத்தைத் தெரிவுசெய்து அனுப்பியது.

இரண்டாவது உபாயமே பல அங்கத்தவர் தொகுதி. இனத்தாலோ மதத்தாலோ வேறு நலன்களாலோ வேறுபட்ட மக்கள் பிரிக்கவியலாதவாறு கலந்து வாழும் இடங்களை வலிந்து கூறுபோடாமல், ஒரே தொகுதியாக வைத்து இருவரையோ மூவரையோ தெரியச் செய்தல் அதன் நோக்கம். எல். எம். டி. டி சில்வாவைத் தலைவராகக் கொண்ட முதலாவது எல்லை நிர்ணய ஆணைக்குழு, 1946இல் 89 தேர்தல் தொகுதிகளை வகுத்தது. அவற்றிலிருந்து தெரிவாக வேண்டியோர் 95 பேர். அம்பலாங்கொடை – பலப்பிட்டி, பலாங்கொடை, கடுகண்ணாவை, பதுளை ஆகிய நான்கும் இருவரை அனுப்பும் தொகுதிகள். மூவரை அனுப்பும் தொகுதி ஒன்றேயொன்று. அதுதான் கொழும்பு மத்தி.

மருதானை, மாளிகாவத்தை, வாழைத்தோட்டம் என்னும் அப்பகுதிகளின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே நெருக்கமான தோட்டக் குடியிருப்புகளும், பள்ளிவாசல்களும், விகாரைகளும், கோயில்களும், சந்தை இரைச்சலும் நினைவுக்கு வரும். சிங்களவர், சோனகர், தமிழர், மலாயர், பறங்கியர் யாவரும் ஒரே ஒழுங்கைக்குள் வாழ்ந்த இடம். கோடு கிழித்து இன்னார் இப்புறம் இன்னார் அப்புறம் என்று பிரிக்க இயலாத மண் அது.

மூன்று வாக்கின் கணக்கு

வாக்காளர் ஒவ்வொருவருக்கும், தெரிவுசெய்யப்பட வேண்டிய உறுப்பினர் தொகைக்குச் சமமான வாக்குகள் உண்டு. கொழும்பு மத்தியில் மூன்று. அவற்றை மூவருக்குப் பங்கிடலாம்; ஒருவருக்கு இரண்டும் மற்றொருவருக்கு ஒன்றுமாக ஈயலாம்; மூன்றையுமே ஒருவருக்குக் குவிக்கலாம். குவிக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லிலேதான் சூட்சுமம் முழுவதும் அடங்கியுள்ளது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு வாக்காளர் உள்ள ஊர். தெரிவுசெய்யப்பட வேண்டியோர் மூவர். எழுபது பேர் ஓரணி, முப்பது பேர் மற்றோரணி. எழுபதின்மரும் தம் 210 வாக்குகளைத் தமது மூன்று வேட்பாளர்க்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 70 கிடைக்கும். முப்பதின்மர் தம் 90 வாக்குகளையும் ஒருவருக்கே குவித்தால் அவர் 90 பெற்று எல்லோர்க்கும் முன்னே நிற்பார். குவிக்க அனுமதியில்லையெனின் அவருக்குக் கிடைப்பது 30; தோல்வி நிச்சயம். நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டிய எந்த அணியும் ஒற்றுமையாக நின்றால் ஓர் இடத்தை இழக்காது என்பதை மாணவர் தாமே கணித்துக் கண்டுகொள்ளலாம்.

இம்முறை பேராசையைத் தண்டிக்கவும் வல்லது. அதே முப்பதின்மர் இரண்டு இடங்களுக்கு ஆசைப்பட்டு இருவரை நிறுத்தினால் ஆளுக்கு 45, இருவருமே தோற்பர். ஆகவே தம் பலம் இவ்வளவு என்று அறிந்த கூட்டத்துக்கே மூன்று வாக்கு வாளாகும். அறியாதவர்க்கு அது தம் கையையே வெட்டும் கத்தி.

இந்தியாவிலும் 1952, 1957ஆம் ஆண்டுத் தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. அங்கே ஓரிடம் தாழ்த்தப்பட்டோர்க்கோ பழங்குடியினர்க்கோ ஒதுக்கப்பட்டது. ஆனால் ஒருவருக்கு ஒரு வாக்குக்கு மேல் அளிக்கத் தடையிருந்தது. 1961இல் ஒரு சட்டத்தால் அத்தொகுதிகள் யாவும் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. பெயரால் ஒன்றாயினும், நம் நாட்டு முறையின் உயிர்நாடியான குவித்தல் அங்கே இல்லை என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

எதிர்பார்த்ததும் நடந்ததும்

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழும்பு மத்தி தெரிந்தெடுத்த மூவரையும் பாருங்கள். ஒருவர் தொழிற்கட்சியின் ஏ. ஈ. குணசிங்க, சிங்களவர். மற்றொருவர் ரீ. பி. ஜாயா, மலாயர், 1921 முதல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து அதனைப் பெருங்கல்விக் கூடமாக வளர்த்தவர், பின்பு மந்திரியானவர். மூன்றாமவர் பீற்றர் கெனமன்; பறங்கியர்; நீதியரசர் ஒருவரின் மைந்தர்; கேம்பிரிட்ஜில் கல்வி கற்றுத் திரும்பிய கம்யூனிஸ்ட்.

முஸ்லிம் மக்களுக்கு ஓர் இடம் உறுதியாக வேண்டும் என்பது தொகுதியை வகுத்தோரின் எண்ணமாயின், அவ்வெண்ணம் நிறைவேறியது. ஆனால் அவர்கள் எண்ணாத ஒன்றும் நிகழ்ந்தது. பறங்கியர் அத்தொகுதியில் மிகச் சிறு தொகையினர். கெனமன் தம் இனத்தவரின் வாக்கால் வென்றிருக்க வழியேயில்லை. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த பல இனத்து மக்கள் கொள்கையொன்றின் பொருட்டுத் தம் வாக்குகளை அவரிடம் குவித்தனர். இனச் சிறுபான்மைக்காகத் திறந்த கதவின் வழியே கருத்துச் சிறுபான்மையும் உள்ளே நுழைந்துவிட்டது! 1947 முதல் 1970 வரை நடைபெற்ற ஏழு பொதுத்தேர்தல்களிலும் கெனமன் அத்தொகுதியின் உறுப்பினரானார். முப்பதாண்டுக் காலம் ஒரு சிற்றினத்தவர் ஒரு பெருநகரின் குரலாக விளங்கியது நம் அரசியல் வரலாற்றில் எளிதாகக் கடந்துசெல்லத்தக்க செய்தியன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. குணசிங்க தொழிலாளரை ஒன்றுதிரட்டியவர். ஆயினும் பொருளாதார நெருக்கடி மிக்க 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிரான இயக்கத்தையும் நடத்தியவர். கலந்து வாழும் மண்ணில் கலகத்தின் விதையும் உண்டு. தொகுதியின் அமைப்பு மனிதரின் மனத்தை மாற்றிவிடாது. மாறிய மனத்துக்கு ஒரு வழியைத் திறந்து வைக்க மாத்திரமே அதனால் இயலும்.

1952இல் குணசிங்க தோற்றார். அவருடைய தொழிற்கட்சியில் அரசியற்பாடம் பயின்று, பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்த வாழைத்தோட்டத்து இளைஞர் ஆர். பிரேமதாச, 1960 மார்ச் மாதத்தில் கொழும்பு மத்தியிலிருந்து முதன்முறையாகப் பாராளுமன்றம் புகுந்தார். அதே ஆண்டு ஜூலையில் நடந்த தேர்தலில் தோற்றார். 1965இல் மீண்டும் வென்றார். 1977இல் அவர் முதலாம் உறுப்பினர், மறு ஆண்டு பிரதம மந்திரி, 1989இல் ஜனாதிபதி. 1993 மே மாதம் முதலாம் நாள், தம்மை வளர்த்த அதே நகர்ப்பகுதியின் ஆமர் வீதியிலேயே, தொழிலாளர் தின ஊர்வலத்தினிடையே குண்டுத் தாக்குதலுக்கு இரையானார்.

கிழக்கிலும் மலையகத்திலும்

1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயம் தொகுதிகளை 145 ஆகவும் உறுப்பினரை 151 ஆகவும் உயர்த்தியது. கொழும்பு மத்தி மூன்று என்பது மாறவில்லை. கொழும்பு தெற்கு, அக்குறணை, மட்டக்களப்பு, மூதூர் என்பன இருவரை அனுப்பும் தொகுதிகளாயின. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் அயல் அயலாக வாழும் ஊர்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடாயிற்று. 1970இல் மூதூர், ஏ. எல். அப்துல் மஜீதையும் அ. தங்கத்துரையையும் ஒருங்கே அனுப்பியது. 1977இல் மட்டக்களப்பில் தமிழர் தரப்பிலிருந்து செ. இராசதுரை, காசி ஆனந்தன் ஆகிய இருவர் நின்றனர். இராசதுரை முதலாமவராக வந்தார். இரண்டாம் இடம் ஐக்கிய தேசியக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளருக்குச் சென்றது. மேலே நாம் போட்ட சிறு கணக்கு ஏட்டுக் கணக்கு அன்று என்பதற்கு இது சான்று.

1976இல் வந்த மூன்றாவது எல்லை நிர்ணயத்தின்படி தொகுதிகள் 160, உறுப்பினர் 168. கொழும்பு மத்தியோடு நுவரெலியா – மஸ்கெலியாவும் மூவர் தொகுதியாயிற்று. 1977இல் அங்கே தெரிவானோர் காமினி திசாநாயக்க, அனுரா பண்டாரநாயக்க, எஸ். தொண்டமான் ஆகிய மூவர். இம்மூன்றாம் பெயரின் பின்னே பெரியதொரு துயரக்கதை உண்டு. 1947இல் மலையகத் தமிழர் தம் வாக்காலே தம் உறுப்பினரை அனுப்பினர். 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அவர்களின் பெரும்பகுதியினர் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களின் அமைப்பிலிருந்து ஒருவரேனும் தெரிவாகவில்லை. முப்பதாண்டு கழித்து, 1977இல் மூவர் தொகுதி ஒன்றின் மூன்றாம் கதவு வழியாகவே தொண்டமான் தேர்தலில் வென்று மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். இதில் இரண்டு பாடங்கள் உள. ஒன்று, தொகுதியின் அமைப்பு பயனுடையது. மற்றொன்று, வாக்குரிமையே பறிக்கப்பட்டவனுக்கு எந்த அமைப்பும் பயனற்றது.

அந்த 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140ஐ வென்றது. நூற்றுக்கு முப்பது வீதத்தை அண்டிய வாக்குகளைப் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு. அவ்வெட்டில் குறைந்தது இரண்டு, மூவர் தொகுதிகளிலிருந்து வந்தவை: ஒன்று அனுரா பண்டாரநாயக்கவினது, மற்றையது கொழும்பு மத்தியில் ஹலீம் இஷாக்கினது. ஆட்சிக் கட்சியின் பிரேமதாசவும் ஜாபிர் ஏ. காதரும் வென்ற அதே தொகுதியில் எதிர்க்கட்சிக்கும் ஓரிடம் எஞ்சியது. நாடெங்கும் வீசிய பெருங்காற்றிலும் அணையாத சிறு விளக்குகள் அவை.

முறையின் குறைகள்

குறையில்லாத முறை உலகில் இல்லை. ஒருவருக்கு மூன்று வாக்கு என்னும்போது, நாடளாவிய வாக்குத் தொகையைக் கூட்டிப் பார்ப்பவர் ஏமாறுவர். கொழும்பு மத்தியின் ஓர் ஆளும் வவுனியாவின் மூன்று ஆட்களும் அக்கூட்டுத்தொகையிற் சமமாகி விடுவர். 1970இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியிலும் பார்க்க ஐக்கிய தேசியக் கட்சி கூடிய வாக்குகளைப் பெற்றும், 17 இடங்களையே அடைந்தது என்பர். முன்னது அடைந்தவை 91. அந்த வாக்குத் தொகைகளை ஒப்பிடுவோர், பல அங்கத்தவர் தொகுதிகளின் பெருக்கத்தையும், கூட்டணிக்குள் இடங்கள் பங்கிடப்பட்டமையையும் கழித்தே பேசவேண்டும்.

இடைத்தேர்தல் வந்தாலோ, முறையின் பயனே குலைந்துவிடும். மூவரில் ஒருவர் விலகினால், அந்த ஓரிடத்துக்குத் தொகுதி முழுவதும் வாக்களிக்கும். அப்போது குவிப்பதற்கு ஒன்றுமில்லை, பெரும்பான்மையே வெல்லும். சிறுபான்மையினரின் உறுப்பினர் விலகினால், அவர் விட்ட இடம் மற்றவர் கைக்குப் போகக்கூடும்.

கடல்கடந்த ஓர் உதாரணம்

கனடா இன்று நம்மவர் பலர்க்கு இரண்டாம் தாயகம். அந்நாட்டின் வினிப்பெக் நகரில் 1919ஆம் ஆண்டு ஆறு வாரம் நீடித்த பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதன் தலைவர்கள் சிறைப்பட்டனர். அடுத்த ஆண்டு, மானிற்றோபா மாகாணச் சட்டசபைக்கு வினிப்பெக் நகர் முழுவதும் ஒரே தொகுதியாகப் பத்து உறுப்பினரைத் தெரிவுசெய்தது. வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையிட்டு வாக்களிப்பது அங்குள்ள முறை. சிறையிலிருந்தவாறே வேலைநிறுத்தத் தலைவர் மூவர் வெற்றி பெற்றனர்! 1949இல் அத்தொகுதி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. 1950களின் இறுதிக்குள் ஓர் உறுப்பினர் தொகுதிகளே எஞ்சின. ஹலிபக்ஸ் நகர் 1867 முதல் நூறாண்டுக் காலம் கனடாப் பாராளுமன்றத்துக்கு இருவரை அனுப்பிற்று. 1968ஆம் ஆண்டுத் தேர்தலோடு அவ்வழக்கமும் ஒழிந்தது. வினிப்பெக்கின் தொழிலாளர் தலைவர்களையும் கொழும்பின் குணசிங்கவையும் கெனமனையும் ஒருசேர நினைக்கையில் ஓர் உண்மை தெளிவாகும். பெருநகரங்களின் பல அங்கத்தவர் தொகுதிகள், மற்றெங்கும் நுழைய முடியாதோர்க்கு நுழைவாயிலாய் இருந்தன.

வன்னிக்கு இதனால் என்ன?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பால் பழைய பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டதால், கொழும்பு மத்தியின் மூவர் ஆசனமும் 1989வரை வாழ்ந்தது. அதன்பின் நாடு முழுவதுமே பல அங்கத்தவர் மாவட்டங்களாயிற்று. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டம் 2024இல் ஆறு பேரை அனுப்பியது. கட்சிக்கு ஒரு வாக்கு. அக்கட்சியின் வேட்பாளருள் மூவர்வரை விருப்பு வாக்கு. மூன்று என்ற எண் இன்னும் நம் கையில் இருக்கின்றது. ஆனால் மூன்றையும் ஒருவருக்கே குவிக்கும் உரிமை இல்லை.

மாணவன் கேட்டான்: “அப்படியானால் ஐயா, பழைய முறைதான் எங்களுக்கு நல்லதா?”

நான் உடனே விடை கூறவில்லை. நாம் இதுவரை இக்கதையைச் சிறுபான்மையினராக நின்றே வாசித்தோம். வன்னியிலே நாம் பெரும்பான்மையினர். இங்கே முஸ்லிம் மக்கள் உளர். சிங்கள மக்கள் உளர். வன்செயல்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய தமிழரும் உளர். 1977இல் முல்லைத்தீவு தனித்தொகுதியாகி எக்ஸ். எம். செல்லத்தம்புவை அனுப்பியது, அன்று இக்கரையின் துயரைச் சொல்ல ஒருவர் இருந்தார் என்று பெருமை கொள்கின்றோம். அத்தகைய ஒருவர் வேண்டும் என்ற ஏக்கம் நம் அயலவனுக்கும் இராதா? கொழும்பு மத்தியில் நமக்கு நியாயமாகத் தோன்றுவது வன்னியில் நமக்கு இடைஞ்சலாகத் தோன்றுமாயின், நாம் போற்றுவது நியாயத்தை அன்று, நம் நலத்தையே.

இது பழங்கதையுமன்று. 2018 பெப்ரவரியில் உள்ளூராட்சித் தேர்தல் கலப்பு முறையில் நடந்தபோது, வட்டாரங்களுள் சில பல அங்கத்தவர் வட்டாரங்களாக அமைந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது. 2013இல் தெரிவான நம் வட மாகாண சபையின் காலமும் அவ்வாண்டு ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. எல்லைக் கோட்டை எங்கே கிழிப்பது, ஒருவரை அனுப்புவதா பலரை அனுப்புவதா என்ற அதே 1946ஆம் ஆண்டு வினாவே அங்கும் தடையாய் நின்றது. அடுத்த எல்லை நிர்ணயக் குழு வந்து முறைப்பாடுகளையும் யோசனைகளையும் கேட்கும் நாளில், வரைபடமும் கணக்கும் கையிற் கொண்டு செல்லத்தக்கவர் நம் ஆசிரியரும் மாணவரும் அன்றி வேறு யார்?

இவற்றையெல்லாம் சொல்லி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பந்தலில் வேலை செய்தவர்கள் கருவிகளைப் பொறுக்கிக்கொண்டு புறப்பட்டனர். மாணவன் நூலை மூடவில்லை. பென்சிலை எடுத்து, கொழும்பு மத்தி என்ற தலைப்பின் கீழே மூன்றாற் பெருக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அதை முடித்தபின், மறுபக்கத்தில் நம் மாவட்டத்தின் பெயரை எழுதி, அதன் கீழே யார் யார் வாழ்கின்றனர் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கத் தொடங்கினான். எல்லோரையும் எழுதி முடிக்குமளவும் நானும் அவனுடன் இருந்தேன்.